நோட்டு நிறையக் கோயில்

அந்தப் புளியமரம் பட்டுப்போய் மூன்று வருஷம் ஆகியும் அதன் அடிக்கட்டை நிலத்தை விடுவதாக இல்லை. சாமைக்கு உழும்போதெல்லாம் கலப்பை அதில் போய் முட்டும். அப்பா மாட்டைத் திட்டுவார். பெரியப்பா அப்பாவைத் திட்டுவார். கடைசியில் ஒரு சித்திரை மாதம் அண்ணனும் தம்பியும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அதன்மேல் போருக்குப் போனார்கள். மூன்றாம் நாள் வேருக்கு அடியில் கடப்பாரை எதிலோ பட்டு இறங்கியது. ஒரு சின்னப் பானை. உடைந்த வாய் வழியாகக் கறுப்புக் கறுப்பாக ஏதோ கொட்டியது. புளியங்கொட்டை என்றுதான் அப்பா முதலில் நினைத்தாராம். மரம் தன் கொட்டையைத் தானே பானையில் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறது பார் என்று பெரியப்பா சிரித்தாராம்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. பஸ் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கீழே இறங்க வேண்டும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே வாசல், எதிரெதிராக இரண்டு கூரை வீடு, ஒரே ஜோடி மாடு, பாகம் பிரிக்காத நிலம். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் ஒரே பெண்ணாக, எதையும் இரண்டு இடத்தில் கேட்டு இரண்டு இடத்திலும் வாங்கிக்கொள்கிற சுகத்தோடு வளர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

அம்மாவும் பெரியம்மாவும் வாசலில் உட்கார்ந்து அந்தக் கறுப்பு வில்லைகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். வெள்ளி வந்தது. வெள்ளிக்குள்ளிருந்து முகம் வந்தது. மீசை இல்லாத, மூக்கு நீண்ட ஓர் ஆணின் முகம். தலையைச் சுற்றி இலை கட்டியிருந்தது. பின்பக்கம்தான் விதவிதமாக இருந்தது. சிலவற்றில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஒரு கிளையைப் பிடித்திருந்தாள். மாரியம்மன், கையில் வேப்பிலை என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிலவற்றில் இரண்டு ஆண்கள் ஈட்டியும் கேடயமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அது எங்கள் ஊர்ச் சாமி வேடியப்பனும் அவருடைய தம்பியும்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு கோயில் இருந்தது. ஆறு தூண், மேலே முக்கோணமாகக் கூரை, நடுவில் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாமி. கோபுரம் இல்லாமல் இது என்ன கோயில் என்று அம்மா கேட்டாள். நம்ம வேடியப்பனுக்கு மட்டும் கோபுரமா கட்டி வெச்சிருக்கோம் என்றார் பெரியப்பா.

அதெல்லாம் ரோமாபுரிக் காசு என்பதும், மிளகும் மணியும் வாங்க வந்தவர்களோடு கடல் தாண்டி வந்தது என்பதும், இலை கட்டிய தலை அந்த ஊர் ராஜாவுடையது என்பதும் எனக்குத் தெரியவந்தபோது நானே இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தேன். கிளை பிடித்த பெண்ணை அவர்களுடைய சமாதானத் தெய்வம் என்கிறார்கள். கோயில், இடிக்கு அதிபதியான சாமிக்குக் கட்டியதாம். சமாதானமும் இடியும் ஒரே பானையில் இருந்திருக்கின்றன. அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்த ஐந்து பேருக்கும் அது வெறும் சாமி.

சாமி என்பதால்தான் சண்டையும் வந்தது. ஒடுகத்தூர் சந்தைக்குப் போகும்போது வெள்ளிக் கடையில் காட்டிப் பார்க்கலாம் என்றார் அப்பா. காட்டினால் எடை போடுவான், எடை போட்டால் உருக்குவான், சாமியை உருக்கித் தின்கிற குடும்பமா நாம் என்றார் பெரியப்பா. ஆடித் திருவிழாவில் ஊர் கூடும்போது எல்லோருக்கும் சொல்லி, வேடியப்பன் கல்லுக்கு அடியில் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் ஒரு பழந்துணியில் முடிந்து, பெரியப்பா வீட்டில் சாமை கொட்டி வைக்கிற மண்குதிருக்குள் போட்டு வைத்தார்கள். அண்ணன் சொன்னால் அப்பா மறுக்க மாட்டார். முகத்தை மட்டும் இரண்டு நாள் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் லீவு. லீவு விடுகிற அன்றைக்கு எங்கள் சார் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தினம் ஒரு பக்கம் பாடம் பார்த்து எழுதி வரவேண்டும், ஒரு பக்கம் வீணாகியிருந்தாலும் முட்டியைப் பெயர்த்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் நான்கு பக்கம் எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், காசில் இருப்பது தாளுக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகு பாடமாவது ஒன்றாவது. மத்தியானமானால் பெரியப்பா குதிரிலிருந்து முடிச்சை எடுத்துத் தருவார். அவர் வீட்டு மண்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நான் தேய்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கயிறு திரிப்பார். முக்கால்வாசிக் காசு மழுங்கிப்போனது. தாளில் வெறும் அழுக்கு மாதிரிதான் விழும். கோயில் காசு மட்டும் அப்படி இல்லை. தூண் தூணாக, கோடு கோடாக, நடுவில் நிற்கிற சாமியின் முழங்கை வரைக்கும் விழும். அதனால் அதையே தேய்த்தேன். நேராக வைத்து, சாய்த்து வைத்து, தலைகீழாக வைத்து. பக்கத்துக்கு இரண்டு, அப்புறம் நான்கு, அப்புறம் ஓரத்தில் இடம் கிடைத்தால் அங்கே ஒன்று.

"அந்த ஒரே கோயிலயே எத்தினி வாட்டிதான் சுத்துவ பாப்பா? கால் வலிக்கல?" என்பார் பெரியப்பா.

நோட்டு தீர்ந்தபோது லீவும் தீர்ந்தது.

எங்கள் சார் கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்தவர். திங்கட்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். நல்ல மனுஷர், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கையில் என் நோட்டைக் கொடுத்துவிட்டு, முட்டியை எப்படி ஒளிப்பது என்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நான்கு பக்கம் புரட்டினார். ஐந்தாம் பக்கத்தில் நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"காசு சார். எங்க கொல்லையில கெடச்சது."

"ஒரே காசயே திருப்பித் திருப்பித் தேச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆமாம் என்றால் அது விளையாட்டு. விளையாடி ஒரு நோட்டையே வீணாக்கியிருக்கிறேன். வேறு வேறு காசு என்றால் அது ஏதோ வேலை செய்த மாதிரி. எட்டு வயதில் அந்தக் கணக்கு மட்டும் எனக்கு எப்படியோ வந்தது.

"இல்ல சார். வேற வேற."

"கோயில் போட்டதே இத்தினி கீதா?"

"கீது சார்."

அடி விழவில்லை. சார் என் தலையில் கையை வைத்தார். பூமிக்குள் கிடைத்தது சர்க்காருக்குச் சேர வேண்டியது, எழுதிப் போட்டால் சர்க்கார் பரிசு கொடுக்கும், உன் பேர் பேப்பரில் வரும் என்றார். அன்றைக்கே ஒரு கடுதாசி எழுதி, என் நோட்டையும் அதோடு சேர்த்துக் கீழே அனுப்பிவிட்டார். என் நோட்டு பெரிய ஆபீசுக்குப் போகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பரிசு என்றதும் அப்பாவின் முகம் தெளிந்தது. பெரியப்பாவுக்கு மனசில்லை. ஆனாலும் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் ஏறி வந்தபோது மறுபேச்சுப் பேசாமல் முடிச்சைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணி, ஒரு தாளில் அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியம்மா அவர்களுக்குத் தேன் கொடுத்தாள்.

எட்டாம் நாள் காலையில் போலீஸ் வந்தது. ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள், கூடவே எங்கள் சார். மலை ஏறிய வியர்வை எஸ்.ஐ.யின் சட்டையில் முதுகு முழுக்க இருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும். அவர் கையில் என் நோட்டு. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் யாரோ பொறுமையாகச் சிவப்பு மையில் எண் போட்டிருந்தார்கள். கடைசி வட்டம் நூற்றுப் பதினாறு. நாங்கள் ஒப்படைத்தது இருபத்தெட்டு. நோட்டில் கோயில் மட்டுமே எழுபதுக்கு மேல். ஒப்படைத்த காசில் கோயில் ஒன்று.

"மீதி கோயில எங்கடா வெச்சிருக்கீங்க?" என்றார் எஸ்.ஐ.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. காசு என்றால் ஒரே அச்சில் நூறு இருக்கத்தானே செய்யும். ஒரே படம் எழுபது தடவை இருந்தால் எழுபது காசு என்றுதான் எந்த வளர்ந்த மனிதரும் நினைப்பார். ஒரே கோயிலை ஒரு பிள்ளை வேலை வெட்டி இல்லாமல் எழுபது தடவை சுற்றியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தோன்ற வேண்டிய ஒருவர் அங்கே இருந்தார். பெரியப்பா நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று, இதோ சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். நானே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் வேற வேற என்று யாரிடம் சொன்னேனோ அந்த சார் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுதானே தேச்சது? அதக் கேட்டா சொல்லிடும்" என்று எஸ்.ஐ. என் பக்கம் ஓர் எட்டு வைத்தார். பெரியப்பா குறுக்கே வந்தார்.

"அது கொழந்தைங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. எங்களக் கேளுங்க. எங்க வரணுமோ நாங்க வர்றோம்."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வீட்டுத் தரையையும் கொத்திப் பார்த்தார்கள். குதிர்களைக் கவிழ்த்து, விதைக்கு வைத்திருந்த சாமையை வாசலில் கொட்டி, பூட்ஸ் காலால் கிளறினார்கள். பிறகு அப்பாவையும் பெரியப்பாவையும் முன்னால் நடக்கவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. என்மேல் கோபம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். ஒரே காசுதான் அம்மா, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அம்மா வாசலில் கொட்டிய சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா சொல்லிக் குடுத்தாளா?"

எனக்குப் புரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்க பெரியப்பா வூட்டுக்குள்ளதானே படுத்துக்கினு தேச்ச? அங்க இருந்ததாலதானே தேச்ச? கட்டைக்கு அடியில இன்னொரு பானை இருந்துச்சா? நெஜத்தச் சொல்லுடீ."

இல்லை என்றேன். கன்னத்தில் விழுந்தது. உண்மையைச் சொன்னதற்காக என் வாழ்க்கையில் வாங்கிய முதல் அடி அதுதான். பொய்க்குத்தான் தலையில் கையை வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் சாரிடமும் சொன்னேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "நானே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துட்டனேம்மா. இப்ப போய் மாத்திச் சொன்னா என்னையும் சேத்து உள்ள வெச்சிடுவாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒருநாளும் அடிக்கவில்லை; கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் அப்பா மட்டும் வந்தார். உதடு கிழிந்திருந்தது, இடது கை வீங்கியிருந்தது. ஆனால் நடந்து வந்தார். எனக்கு அவர் வந்ததே போதுமாக இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதிர்வீட்டு வாசற்படியில் பெரியம்மா நின்றிருந்தாள். "அவரு எங்க?" என்றாள். அப்பா உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

பெரியம்மா தினமும் களியைக் கிண்டித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இறங்குவாள். கொடுக்க விட்டார்களோ இல்லையோ, தினமும் இறங்கினாள். பெரியப்பாவை வெளியே விட அதற்குமேல் பத்து நாள் ஆயிற்று. கேஸ் ஒன்றும் எழுதவில்லை. எழுத எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் நான்கு பேர் போய், போர்வையில் படுக்க வைத்து, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதத்தில்தான் அடித்திருந்தார்கள். பாதம் இரண்டும் பலாப்பழம் மாதிரி இருந்தன. நான் கிட்டே போகப் பார்த்தேன். பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவர்கள் வீட்டில் நான் சாப்பிடுகிற தட்டைக் கழுவி, எங்கள் வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் சாமை விதைக்கவில்லை. ஆடியில் ஊர் கூடியது. கூடியது எங்கள் நிலத்தைப் பிரிப்பதற்கு. பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, இது எனக்கு, அது அவனுக்கு என்று காட்டினார். நல்ல பக்கத்தை அப்பாவுக்கே காட்டினார் என்று எல்லோரும் சொன்னார்கள். பேர் சொல்லவில்லை, தம்பி என்று சொல்லவில்லை, அவன் என்றார். ஜோடி மாட்டில் ஆளுக்கு ஒன்று. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வாசலின் குறுக்கே பெரியம்மா முள்வேலி போட்டாள்.

ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு முந்தின மாதம். பெரியப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது சொன்னாள். இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் அடிக்கு அப்பா தாங்கியிருக்கிறார். நான்காம் நாள், எங்கே வைத்துத் தேய்த்தது என்று மட்டும் சொல், உன்னை விட்டுவிடுகிறோம் என்றிருக்கிறார்கள். அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் வூட்லதாங்க இருந்தது, எனக்கு ஒண்ணும் தெரியாது, அவரையே கேளுங்க. அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதை அப்படியே பெரியப்பாவின் முன்னால் நிறுத்திவைத்தும் சொல்லச் சொன்னார்களாம். அதையும் சொன்னாராம். இன்னொரு பானை இருந்திருக்கும் என்று அப்பா நிஜமாகவே நம்பினாரா என்று கேட்டேன். "நம்பிக்கினாரு" என்றாள் அம்மா. "நம்பாம இருந்தா அவரால சோறு துன்ன முடியாது."

ஆனால் இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒரு பொய் சொன்னேன், அதனால் பெரியப்பா எங்களோடு பேசுவதில்லை என்பதுதான். ஒன்றரை வருஷம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் எதிரில் வந்தால் ஏதாவது ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன்.

ஒரு மாசி மாதம், ஊரில் புளி உலுக்குகிற சமயம். முன்பெல்லாம் உச்சிக் கிளை வரைக்கும் ஏறி நின்று உலுக்குகிறவர் பெரியப்பாதான். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவரைக் கூப்பிட வருவார்கள். அன்றைக்கு யாரோ ஒருவருடைய மரத்தடியில், பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து, விழுந்த புளியைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். மரத்தின்மேல் வேறொருத்தன் நின்றிருந்தான். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, நேராக அவர் எதிரில் போய் நின்றேன்.

"பெரியப்பா, நான் பொய் சொல்லிட்டேன். எல்லாம் ஒரே காசுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தாடியெல்லாம் நரைத்திருந்தது.

"தெரியும். பக்கத்துலதானே குந்திக்கினு இருந்தேன்."

"அப்ப போலீசுக்காரங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவாங்க? அந்தப் பொண்ணக் கூட்டுனு வா, அத வெச்சு விசாரிக்கலாம்னுவாங்க." கூடையில் இருந்த புளியைக் கையால் சமப்படுத்தினார். "பொட்டப்புள்ள போற எடமா அது?"

"எம்மேல கோவம் இல்லியா?"

"உம்மேல எனக்கு இன்னாத்துக்குக் கோவம்? வெயில் ஏறுது. வூட்டுக்குப் போ."

ஒரு நல்ல பழமாகப் பார்த்து, ஓட்டை உடைத்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் தின்னக்கூட இல்லை; கையில் பிடித்தபடியே ஓடினேன். எவ்வளவு பெரிய பாரம் அது! இறங்கிவிட்டது. கோபம் இல்லை என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். இனி வேலியைப் பிடுங்கிவிடலாம். என் தட்டு பழையபடி எதிர்வீட்டுக்குப் போகும். இரண்டு மாடும் மறுபடி ஒரே ஏரில் பூட்டிக்கொள்ளும். இத்தனை நாள் இதைக் கேட்காமல் இருந்த என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பாக வந்தது.

அப்பா வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவரிடம் சொன்னேன்.

"அப்பா, பெரியப்பாவுக்குக் கோவமே இல்லியாம்! நான் ஒரே காசத்தான் தேச்சேன்னு அவருக்கு அப்பவே தெரியுமாம். அத சொன்னா என்னை ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிடுவாங்களாம். அதுக்காகத்தான் அவ்ளோ அடியும் வாங்கிக்கினு சும்மா இருந்தாராம்!"

அப்பாவின் கை நின்றது. "யாரு சொன்னது?"

"அவரே சொன்னாரு."

அப்பா அரிவாளைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார், எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. இவ்வளவு நல்ல சேதிக்கு ஒரு மனிதர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.